ஸ்பானர் பக்கம்: சத்தம் வருது... தண்ணி வரலை!

போன வாரம் பைக் செயினுக்கு எண்ணெய் விடுறது பத்தி எழுதினேன் இல்லையா... ‘என்ன பாஸ், எப்பப் பார்த்தாலும் நூறு சிசி பைக்கையே சுத்திச் சுத்தி வர்றீங்க. கொஞ்சம் பெருசா யோசிங்க!’னு எங்க ஹாஸ்டல் பசங்க செல்லமா ஒரு குட்டு வெச்சுட்டாங்க. சரி, இந்த வாரம் பெருசாவே யோசிச்சாச்சு. எட்டு சிலிண்டர் இன்ஜின். அது தலைமேல ஒரு சூப்பர்சார்ஜர். ஆனா, கதையோட ஹீரோ இந்த ரெண்டு பேருமே இல்லை. உள்ளங்கையில அடங்குற ஒரு குட்டி வாட்டர் பம்ப்!

கதையில வில்லனும் உண்டு. அது அடியேன்தான்.

ஷார்ஜாவில் இருந்து ஒரு போன்

எங்க பெரியப்பா பையன் அண்ணன் ஷார்ஜாவுல சைட் சூப்பர்வைசரா இருக்கார். சின்ன வயசுல இருந்தே கார் பைத்தியம். ரெண்டு வருஷம் முன்னாடி, இருபது வயசான ஒரு சூப்பர்சார்ஜ்டு செடானை செகண்ட் ஹேண்டுல வாங்கினார். ஐரோப்பா கம்பெனி கார். பேர் எதுக்கு, விடுங்க. அந்த ஊர்ல இந்த மாதிரி பழைய வேகக் கார்கள் நாம நினைக்கிறதைவிட சல்லிசா கிடைக்கும். வாங்குறது சுலபம். வெச்சுக் காப்பாத்துறதுதான் கஷ்டம்.

போன செமஸ்டர் லீவுல வீட்டுல சும்மா படுத்திருந்தப்ப வாட்ஸ்அப்ல கூப்பிட்டார்.

“தம்பி, காலையில வண்டி புலி மாதிரி பாயுது. மதியம் ஆனா பூனை ஆயிடுது. முதல் ஓவர்டேக் ஓகே. அடுத்த நிமிஷமே ரெண்டாவது ஓவர்டேக் பண்ணப்போனா ஆக்சிலரேட்டரை மிதிச்சும் தூங்குதுடா. டேஷ்போர்டுல ஒரு லைட்டும் எரியலை.”

பக்கத்துல இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டியிருக்கார். ‘சூப்பர்சார்ஜர் போச்சு, பழைய யூனிட் ஒண்ணு இருக்கு, மாட்டிரலாம்’னு சொல்லியிருக்காங்க. கேட்ட தொகை, அவரோட ரெண்டு மாசச் சம்பளம். அவ்வளவு காசு எங்க இருந்து வரும்? பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட்டுக்கு எடுத்து வெச்ச பணத்துல இருந்துதான். அதாவது, சூப்பர்சார்ஜர் வந்தா அண்ணன் வரமாட்டார்.

‘நம்ம வீட்டுலதான் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயர் இருக்கானே, எதுக்கும் ஒரு வார்த்தை கேப்போம்’னு எனக்குப் போன். மூணாவது வருஷத்துலயே நம்மளை இன்ஜினீயர்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்? காலர் தானா மேல போச்சு.

“அண்ணே, இன்டர்கூலர் பம்ப் ஃப்யூஸ் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்டா. நல்லா இருக்கு.”

“பம்ப் கனெக்டர்ல கரன்ட் வருதா?”

“மீட்டர்ல 12.4 வோல்ட் காட்டுது.”

“பம்ப் மேல கை வெச்சுப் பாருங்க.”

“உர்ர்ருனு அதிருது தம்பி.”

“அப்போ பம்ப் பக்காவா இருக்குண்ணே. அவங்க சொன்னது கரெக்ட். சூப்பர்சார்ஜர்தான் அவுட்.”

தீர்ப்பு சொல்லிட்டு நாட்டாமை மாதிரி சாய்ஞ்சு உட்கார்ந்தேன். அந்தத் தீர்ப்பு தப்பு. ஏன் தப்புன்னு புரியணும்னா, முதல்ல அந்தப் பம்ப் அங்க என்ன வேலை பார்க்குதுன்னு தெரியணும்.

அமுக்கினா சூடாகும்!

சைக்கிளுக்குக் காத்தடிக்கிற கைப்பம்பை நாலு தடவை வேகமா அடிச்சுட்டு அடிப்பக்கம் தொட்டுப் பாருங்க. சுடும். காத்தை அமுக்கினா சூடேறும், அவ்வளவுதான் விஷயம்.

சூப்பர்சார்ஜர் செய்யறதும் அதேதான். டர்போவை சைலன்சருக்குப் போற புகை சுத்தும். சூப்பர்சார்ஜரை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுத்தும். இதோட கொள்ளுத் தாத்தா ஒரு ஏர் பம்ப். 1860-ல் அமெரிக்காவின் இண்டியானாவுல ரூட்ஸ் சகோதரர்கள் அதுக்குப் பேட்டன்ட் வாங்கினாங்க. இன்னிக்கும் ‘ரூட்ஸ் டைப் சூப்பர்சார்ஜர்’னுதான் சொல்றோம்.

இப்ப சின்னதா ஒரு கணக்கு. ஓடாதீங்க, செகண்ட் இயர் தெர்மோதான். வெளியே 40 டிகிரி வெயில். காத்தை வெளி அழுத்தத்தைப் போல 1.8 மடங்குக்கு அமுக்குறோம். எந்த இழப்பும் இல்லாத ஐடியல் கம்ப்ரஸர்லயே காத்து 97 டிகிரிக்குப் போயிடும். நிஜத்துல எஃபிஷியன்ஸி 65 சதவிகிதம்னு வெச்சா, 128 டிகிரி! தண்ணி கொதிக்கிறதே 100-லதான் பாஸ்.

இவ்வளவு சூடான காத்து இன்ஜினுக்குள்ள போனா ரெண்டு தொல்லை. ஒண்ணு, சூடான காத்து விரிஞ்சு நிக்கும். அதே இடத்துல குறைஞ்ச காத்துதான் பிடிக்கும். 128 டிகிரி காத்தை அதே அழுத்தத்துல 60 டிகிரிக்கு இறக்கினா, சுமார் 20 சதவிகிதம் அதிகக் காத்தை உள்ளே திணிக்கலாம். ரெண்டாவது தொல்லைதான் பயங்கரம். பெட்ரோல் தன் முறை வர்றதுக்கு முன்னாடியே அங்கங்க தானா வெடிக்க ஆரம்பிக்கும். அதுக்குப் பேர்தான் நாக்கிங். பிஸ்டனையே பதம் பார்த்துடும்.

அதுக்குத்தான் நடுவுல இன்டர்கூலர். பல டர்போ கார்கள்ல முன்னாடி பம்பருக்குள்ள ஒரு ரேடியேட்டர் மாதிரி வெச்சு, எதிர்காத்துலயே குளிர வெச்சுடுவாங்க. வி8 இன்ஜினோட நடுப் பள்ளத்துல சூப்பர்சார்ஜரை உட்கார வெச்சா அந்த வேலை ஆகாது. காத்தை முன்பக்கம் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர பெரிய பெரிய குழாய்க்கு இடம் வேணுமே! அதனால இன்டர்கூலரையும் அங்கேயே வெச்சு, அதுக்குள்ள தண்ணியை ஓட விடுறாங்க. அந்தத் தண்ணி முன்பக்கத்துல இருக்கிற ஒரு தனி ரேடியேட்டருக்குப் போய் சூட்டை இறக்கிட்டு மறுபடி வரும். போக வர தள்ளிவிடுறது யாரு? நம்ம குட்டி எலெக்ட்ரிக் பம்ப்.

பிரபலமான சில கார்களைச் சொல்றேன். 2003, 2004 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா. 4.6 லிட்டர் வி8, ஈட்டன் சூப்பர்சார்ஜர், 390 ஹார்ஸ்பவர். 2002-ல் வந்த மெர்சிடிஸ் இ55 ஏஎம்ஜி. 5.4 லிட்டர் வி8, 476 ஹார்ஸ்பவர். ரெண்டுலயும் இதே காத்து-தண்ணி சிஸ்டம்தான். இந்த வயசு கார்களை வெச்சிருக்கிற கில்லாடி ஓனர்கள், இன்டர்கூலர் பம்பை பிரேக் பேடு மாதிரி ‘தேயும், மாத்தணும்’ லிஸ்ட்லதான் வெச்சிருப்பாங்க.

முப்பது ஹீட்டர் ராடு!

பம்ப் நின்னா என்ன ஆகும்? இன்னொரு கணக்கு. 5.4 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்ல முழு மிதியில ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. அந்தக் காத்தை 128-ல இருந்து 60 டிகிரிக்கு இறக்க, தண்ணி உறிஞ்ச வேண்டிய சூடு சுமார் 30 கிலோவாட். ஹாஸ்டல்ல வார்டனுக்குத் தெரியாம வெந்நீர் வைக்கிறோமே, ஒரு கிலோவாட் ஹீட்டர் ராடு... அதுல முப்பதை ஒரே வாளியில போட்ட மாதிரி!

பம்ப் நிமிஷத்துக்கு 20 லிட்டர் தள்ளினா, இந்தச் சூட்டுக்கு தண்ணி 22 டிகிரிதான் ஏறும். முன் ரேடியேட்டர் அதைப் பார்த்துக்கும். பம்ப் நின்னுபோனா? இன்டர்கூலருக்குள்ள தேங்கி நிக்கிற தண்ணி ஒரு லிட்டர்னு வெச்சா, ஆரம்பத்துல செகண்டுக்கு 7 டிகிரி ஏறும். ஒரே ஒரு ஓவர்டேக். தண்ணி வெந்நீர். அதுக்கப்புறம் இன்டர்கூலர் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

அண்ணன் சொன்னது ஞாபகம் இருக்கா? ‘முதல் ஓவர்டேக் ஓகே, ரெண்டாவது தூங்குது.’ நோயாளி தன் வாயாலயே நோயைச் சொல்லிட்டார். டாக்டர் கவனிக்கலை.

டேஷ்போர்டுல லைட் ஏன் எரியலை? அந்தக் காலத்துப் பல கார்கள்ல இந்தப் பம்புக்குப் போறது ரெண்டே ரெண்டு ஒயர். கரன்ட் கொடுத்தா சுத்தும். சுத்துதா, தண்ணி ஓடுதான்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் திருப்பிச் சொல்ல ஆளே கிடையாது. அது பாவம், உள்ளே வர்ற காத்து சூடா இருக்குன்னு மட்டும் பார்த்து, இன்ஜினைக் காப்பாத்த இக்னிஷன் டைமிங்கைப் பின்னாடி தள்ளும். சில கார்கள்ல சூப்பர்சார்ஜரோட வேலையையே குறைச்சுடும். இன்ஜின் பிழைச்சுக்கும், பவர் போயிடும். வெளியே இருந்து பார்க்கிறவங்களுக்கு ‘சூப்பர்சார்ஜர் செத்துப்போச்சு’ன்னுதான் தோணும்.

மாவு ஆட்டிக்கிட்டே ஒரு தீர்ப்பு

இப்ப மறுபடி எங்க வீடு. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. கிரைண்டர்ல மாவைத் தள்ளிவிட்டுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்த அம்மா, நான் தீர்ப்பு சொல்லி முடிச்சதும் எட்டிப் பார்த்தாங்க.

“ஏன்டா, போன மே மாசம் நம்ம வீட்டு மோட்டாரும் உர்ர்ருனுதான் ஓடுச்சு. டேங்க்ல ஒரு சொட்டு ஏறுச்சா? சத்தத்தைக் கேட்டா போதுமா... தண்ணி விழுதான்னு பார்க்க வேணாமா?”

அந்தப் பக்கம் அண்ணன், “சித்தி சொல்றது சரிதான்டா...”னு இழுக்கறார். எனக்கு முகம் தொங்கிடுச்சு. ரெண்டு செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சவன், மோட்டார் ஓடுறதையும் தண்ணி ஓடுறதையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேனே!

அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஃப்யூஸ் நல்லா இருந்தா, கரன்ட் பாதை நல்லா இருக்குன்னு அர்த்தம். வோல்ட் வந்தா, கனெக்டர் வரைக்கும் கரன்ட் வருதுன்னு அர்த்தம். அதிர்ந்தா, மோட்டார் சுத்துதுன்னு அர்த்தம். இந்த மூணுல ஒண்ணுகூட ‘தண்ணி ஓடுது’ன்னு சொல்லலை. அதை நானா சேர்த்துக்கிட்டேன்.

“அண்ணே, ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கொடுத்துட்டீங்களா?”

“நாளைக்குக் காலையில அட்வான்ஸ் தரணும்.”

“ஒரு நாள் பொறுங்கண்ணே. ஒரு வாளியும் ரெண்டு ஒயரும் எடுத்து வைங்க.”

வாளி சொன்ன உண்மை

மறுநாள் காலையில, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது வீடியோ கால். இந்தப் பம்புகள் சில கார்கள்ல சாவி போட்டதும் ஓடாது. காத்து சூடானாத்தான் கம்ப்யூட்டர் அதை ஆன் பண்ணும். அதனால கனெக்டரைக் கழட்டிட்டு, பேட்டரியில இருந்து ஃப்யூஸ் போட்ட ஒயர்ல நேரடியா 12 வோல்ட் கொடுக்கச் சொன்னேன். உர்ர்ர். இன்டர்கூலருக்குன்னு இருக்கிற குட்டி டேங்க் மூடியைத் திறந்து பார்த்தா, உள்ளே தண்ணி அசையவே இல்லை. குளத்துல மீன் இருந்தாக்கூட அதைவிட அலை அடிச்சிருக்கும்.

அடுத்து, டேங்குக்குத் திரும்பி வர்ற ஹோஸைக் கழட்டி வாளிக்குள்ள விட்டார். நல்ல பம்பா இருந்தா அரை நிமிஷத்துல பல லிட்டர் கொட்டியிருக்கணும். வந்தது, எங்க தெருக் குழாய்ல கடைசி நேரத்துல சொட்டுமே, அந்த மாதிரி ஒரு சொட்டு... ரெண்டு சொட்டு.

அண்ணன் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. முந்தின நாள் அம்மா கிரைண்டரை ஆஃப் பண்ணாம இருந்திருந்தா நாங்க பேசினது அவங்களுக்குக் கேட்டிருக்காது. ரெண்டு மாசச் சம்பளம் காலி. அதைவிடக் கொடுமை, காசைக் கொட்டி சூப்பர்சார்ஜரை மாத்தின பிறகும் மதியம் வண்டி தூங்கியிருக்கும்!

புதுப் பம்ப் வாங்கி அவரே மாட்டினார். ஒர்க்‌ஷாப்ல கேட்டதுல பத்துல ஒரு பங்குகூட ஆகலை. முன்னாடி மதிய வெயில்ல சும்மா ஓட்டும்போதே உள்ளே போற காத்து 78 டிகிரி. ஒரு ஓவர்டேக் பண்ணினா 96-க்குப் போய் அங்கேயே உட்கார்ந்துக்கும். பம்ப் மாத்தின பிறகு 52; ஓவர்டேக் பண்ணினா 64; ஒரு நிமிஷத்துல மறுபடி 54. ஸ்க்ரீன்‌ஷாட் எடுத்து அனுப்பி, கீழே ‘சித்தியிடம் காட்டவும்’னு எழுதியிருந்தார்.

ஏன் இந்தப் பம்ப் அடிக்கடி மண்டையைப் போடுது?

இடம் அப்படி. முன்பக்கம், கீழே, பம்பருக்குப் பின்னால. தூசி, மழைத் தண்ணி, ரோட்டுக் கல், இன்ஜின் சூடு எல்லாம் அதுக்குத்தான் முதல் மரியாதை.

உள்ளே பழைய டைப் மோட்டார்னா கார்பன் பிரஷ் தேயும். பல பம்புகள்ல மோட்டார் ஷாஃப்டும் தண்ணியைத் தள்ளுற இம்பெல்லரும் நேரடியா இணைஞ்சிருக்காது. நடுவுல ஒரு சுவர். இந்தப் பக்கம் ஒரு காந்தம், அந்தப் பக்கம் ஒரு காந்தம். மோட்டார் காந்தம் சுத்தினா, அந்தப் பக்கத்துக் காந்தமும் கூடவே சுத்தும். ஷாஃப்ட் சீல் வழியா தண்ணி கசியுற பிரச்னையே இல்லை. அருமையான ஐடியா! ஆனா இம்பெல்லர் இறுகிட்டாலோ, உடைஞ்சாலோ காந்தப் பிடி நழுவிடும். மோட்டார் மட்டும் ஜாலியா சுத்திக்கிட்டிருக்கும். அண்ணன் பம்புல நடந்தது இதுதான்.

அப்புறம் ஏர்லாக். நம்ம வீட்டு மோட்டார் வியாதியேதான். கூலன்ட் மாத்தும்போது காத்துக் குமிழியைச் சரியா வெளியேத்தலைன்னா பம்ப் காத்தை அரைச்சுக்கிட்டு நிக்கும். தண்ணியாலயே உயவு ஆகுற பேரிங் காய்ஞ்சுபோய் தேயும். வேற வேற வகைக் கூலன்டைக் கலந்து, அது கொழகொழன்னு ஆகி அடைக்கிறதும் உண்டு.

‘சின்னப் பம்புதானே’ன்னு நினைக்காதீங்க. 2018-ல் ஆடி கம்பெனி உலகம் முழுக்க பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திருப்பிக் கூப்பிட்டுச்சு. அது டர்போ இன்ஜின் கார்கள்தான். காரணம் என்ன தெரியுமா? ஒரு எலெக்ட்ரிக் கூலன்ட் பம்ப் அதிகமா சூடாகலாம்ங்கிறதுதான்.

பம்ப் பல்ஸ் பார்க்க ஆறு ஸ்டெப்!

1. இன்ஜின் நல்லா ஆறின பிறகுதான் மூடியைத் திறக்கணும். சூடா இருக்கும்போது திறந்தா முகத்துல பீய்ச்சி அடிக்கும். இந்த விஷயத்துல ஹீரோயிசம் வேண்டாம்.

2. ஃப்யூஸ், ரிலே, கனெக்டர் பாருங்க. கனெக்டர்ல பச்சை பூத்திருந்தா சுத்தம் பண்ணுங்க.

3. பம்ப் ஓடும்போதே வோல்ட் பாருங்க. சும்மா இருக்கும்போது 12 காட்டி, ஓடும்போது 9-க்கு விழுந்தா ஒயரோ எர்த்தோ வீக்.

4. ஆம்பியர் பாருங்க. புதுப் பம்பைவிட ரொம்பக் குறைவா இழுத்தா, மோட்டார் சும்மா சுத்துது. ஒண்ணு காந்தப் பிடி நழுவியிருக்கு, இல்லை ஏர்லாக். ரொம்ப அதிகமா இழுத்தா எங்கேயோ இறுகியிருக்கு.

5. டேங்க்ல தண்ணி சுழலுதா பாருங்க. சந்தேகம்னா வாளியும் ஸ்டாப்வாட்ச்சும். இதுதான் ஹைகோர்ட்டு, அப்பீலே கிடையாது.

6. ஓபிடி ஸ்கேனர்ல உள்ளே போற காத்தோட டெம்பரேச்சர் பாருங்க. வெளி வெப்பத்தைவிட எவ்வளவு அதிகம், ஒரு மிதிக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் இறங்குதுங்கிறதுதான் முக்கியம். ஒரு விஷயம்: சில கார்கள்ல ஃபில்டர் பக்கத்துல ஒரு சென்சார், இன்டர்கூலருக்குப் பிறகு ஒரு சென்சார்னு ரெண்டு இருக்கும். ரெண்டாவதைப் பாருங்க. முதலாவது வெளி வெயிலைத்தான் சொல்லும்.

பெரிய பம்ப் போட்டா பெரிய பவரா?

அண்ணன் உற்சாகத்துல, ‘இருக்கிறதுலயே பெரிய பம்பா போட்டுரவா?’ன்னு கேட்டார். இதுல ரெண்டு பக்கமும் கட்டுக்கதை ஓடுது. ‘தண்ணி வேகமா ஓடினா சூட்டை உறிஞ்ச நேரம் கிடைக்காது’ன்னு ஒரு குரூப் சொல்லும். தப்பு. வேகமா ஓடினா சூடு நல்லாவே கடத்தப்படும். ‘டபுள் ஃப்ளோன்னா டபுள் கூலிங்’னு இன்னொரு குரூப். அதுவும் தப்பு. ஒரு அளவுக்கு மேல முன் ரேடியேட்டரால எவ்வளவு சூட்டை வெளியேத்த முடியுமோ அதுதான் எல்லை. பம்பை எவ்வளவு பெருசாக்கினாலும் லாபம் குறைஞ்சுக்கிட்டே போகும். அதோட பெரிய பம்ப் அதிக ஆம்பியர் இழுக்கும். இருபது வருஷப் பழைய ஒயர் தாங்காது.

அதனால நாங்க எடுத்த முடிவு: கம்பெனி பம்புக்குச் சமமான, பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள பம்ப். பேட்டரியில இருந்து தனி ஃப்யூஸ், தனி ரிலே, புது ஒயர். பழைய ஒயர் அந்த ரிலேயை ஆன் பண்ற வேலையை மட்டும் பார்க்கும். பம்பை டேங்க் மட்டத்துக்குக் கீழே மாட்டினா தண்ணி தானா இறங்கி நிரம்பும், காத்து தங்காது. மாட்டும்போது பம்ப் மேல இருக்கிற அம்புக்குறியைப் பாருங்க. அண்ணன் முதல்ல தலைகீழா மாட்டி, அரை மணி நேரம் என்னைத் திட்டினார். அது நியாயம்தான், நான் சொல்ல மறந்துட்டேன். கடைசியா, கார் மேனுவல்ல சொன்ன கூலன்டைத்தான் ஊத்தணும். பழசோட கலக்கக் கூடாது.

டேஷ்போர்டு பக்கத்துல ஒரு சின்ன டெம்பரேச்சர் மீட்டரும் வெச்சோம். இந்த வேலையிலயே எனக்குப் பிடிச்சது அதுதான். புதுப் பம்பும் ஒரு நாள் சாகத்தான் போகுது. சாகும்போது சொல்லிட்டுச் சாகணும் இல்லையா?

நமக்கு என்ன இதுல?

‘எங்ககிட்ட சைக்கிளே இல்லை, சூப்பர்சார்ஜருக்கு எங்க போக?’ன்னு கேக்கறீங்களா? நம்ம ஊர் ரோட்டுல ஓடுற ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவோட 1.0 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜின்ல டர்போ காத்தைக் குளிர வைக்கிறதும் தண்ணிதான். அதைத் தள்ளுறதும் ஒரு எலெக்ட்ரிக் பம்ப்தான். பேட்டரியைத் தண்ணியால குளிர வைக்கிற எலெக்ட்ரிக் கார்கள்லயும் இப்படி ஒரு பம்ப் உண்டு. நாளைக்கு நம்மள்ல யாரோ ஒருத்தர்தான் அதை டிசைன் பண்ணப்போறோம். அப்ப, ‘மோட்டார் சுத்துதா?’ன்னு மட்டும் கேக்காம, ‘தண்ணி ஓடுதா?’ன்னு கேக்குற ஒரு சென்சாருக்கும் இடம் விட்டுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தார். எல்லாருக்கும் சாக்லேட், சென்ட்டு, அம்மாவுக்குப் புது மிக்ஸி. எனக்கு மட்டும் பேப்பர்ல சுத்தின ஒரு பொட்டலம். பிரிச்சா, பழைய பம்ப்! ஏர்போர்ட்ல இதுக்கு விளக்கம் சொல்லியே வாய் வலிச்சுதாம்.

ஹாக்ஸா பிளேடு போட்டு அறுத்துப் பார்த்தோம். உள்ளே இம்பெல்லர் பக்கத்துக் காந்தம் விரிசல் விட்டு, வீங்கி, சுவரோட இறுகிப்போய் நின்னுச்சு. மோட்டார் பக்கத்துக்கு 12 வோல்ட் கொடுத்தோம். அப்பவும் உர்ர்ருனு ஓடுச்சு! இன்னிக்கும் அது என் ஹாஸ்டல் டேபிள் மேல இருக்கு. லேப்ல ஏதாவது மெஷின் கோளாறுன்னா, ‘இதான் பிரச்னை’ன்னு வாய் திறக்குறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை நினைச்சுக்குவேன்.

அம்மா அந்தப் பம்பைக் கையில வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துட்டு, “இத்தனூண்டுதானா?”ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

உங்க வீட்டுலயும் இப்படி ‘சத்தம் வருது, வேலை நடக்கலை’ மெஷின் ஏதாவது இருக்கா? ஃபேன், ஃப்ரிட்ஜ், மிக்ஸி எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. (தம்பி, தங்கச்சி பேரெல்லாம் எழுதி அனுப்பக் கூடாது!) அடுத்த வாரம் பார்க்கலாம். டாட்டா!